அலுவலகக் குழுவில் சேர்ந்தால் என்ன கிடைக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்ச் 8 வந்தால் ரோஜாப்பூ, மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 வந்தால் கேக். ஐ.டி. அலுவலகங்களில் மகளிருக்கு ஒன்று, மாற்றுத்திறனாளிகளுக்கு ஒன்று என இயங்கும் ஊழியர் குழுக்களைப் பற்றிப் பலருக்கும் இருக்கும் எண்ணம் இவ்வளவுதான். ‘இ.ஆர்.ஜி.’ (எம்ப்ளாயி ரிசோர்ஸ் குரூப், அதாவது இந்த ஊழியர் குழு) என்று தலைப்பிட்ட மின்னஞ்சலைத் திறக்காமலே அழிப்பவர்களை என் வரிசையிலேயே பார்க்கிறேன். அதில் சேர்ந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் உள்ள நிறுவனம் ஒன்றில் மென்பொருள் சோதனையாளன். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய் எனக்கு. பகலில் குழாய் வழியே பார்ப்பதுபோல நேர் எதிரே உள்ளது மட்டும் தெரியும். இருட்டினால் அதுவும் இல்லை. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடர் மென்பொருளை வைத்து வேலை செய்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் ஆண்டுதோறும் எல்லோரும் முடிக்க வேண்டிய தகவல் பாதுகாப்புப் பயிற்சி ஒன்று உண்டு. அதன் பொத்தான்களுக்குப் பெயர் வைக்காமல் விட்டிருந்தார்கள். ஸ்கிரீன் ரீடர் ‘பட்டன், பட்டன்’ என்றே சொல்லும். எது ‘அடுத்து’, எது ‘வெளியேறு’ என்று தெரியாது. மேனேஜரிடம் சொன்னேன். நல்ல மனிதர். “பக்கத்துல யாரையாவது கிளிக் பண்ணித் தரச் சொல்லுங்களேன்” என்றார். உங்கள் லாகினை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று கற்பிக்கும் பயிற்சியை, லாகினைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் கொடுத்துத்தான் முடிக்க வேண்டியிருந்தது!

எங்கள் மாற்றுத்திறனாளிகள் குழுவின் கூட்டத்தில் இதைச் சொன்னேன். அதே பயிற்சியின் வீடியோக்களுக்கு சப்டைட்டில் இல்லை என்றார் காது கேளாத தோழி ஒருவர். ஒரு கையால் தட்டச்சு செய்யும் இன்னொருவர், கடைசித் தேர்வுக்குக் கொடுக்கும் நேரம் போதவில்லை என்றார். மூன்றையும் சேர்த்து எச்.ஆர். பிரிவுக்கு எழுதினோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்கிறது. 20 அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் இருந்தால் அந்தக் கொள்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று 2017 விதிகள் சொல்கின்றன; தொடர்பு அலுவலர் ஒருவரை நியமிப்பதும் அதில் உண்டு. எங்கள் கொள்கை வெப்சைட்டில் அழகாகத்தான் இருந்தது, படித்தவர்தான் யாருமில்லை. அதன் வரிகளையே எடுத்து மின்னஞ்சலில் போட்டோம். பயிற்சி சரியானது. இனி வாங்கும் எந்த உள் மென்பொருளையும் ஸ்கிரீன் ரீடரில் சோதித்த பிறகே வாங்குவது என்று கொள்முதல் விதியிலும் ஏறிவிட்டது. அந்தச் சோதனையில் எனக்கும் பங்கு உண்டு. நான் தனியாகக் கேட்டிருந்தால் பக்கத்து சீட்டோடு முடிந்திருக்கும்.

அரசு வேலையில் எங்களுக்கு 4 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. தனியாரில் அப்படிக் கட்டாயம் இல்லை. எனவே இங்கே உள்ளே வந்தவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துவைத்துக்கொள்வது அவசியமாகிறது. வருமான வரியில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவு பழைய வரிமுறையில் மட்டும்தான், கடுமையான குறைபாட்டுக்கு அது 75,000 அல்ல 1,25,000 ரூபாய் என்பதை எனக்குச் சொன்னது ஆடிட்டர் அல்ல, குழுவில் இருந்த ஒரு மூத்தவர்.

இரவு ஷிப்ட் கேப் எங்கள் நிறுவனத்தில் பெண்களை வீட்டு வாசல்வரை கொண்டுவிடும். ஆண்களை மெயின் ரோட்டில் இறக்கிவிடும். இருட்டில் ஒன்றும் தெரியாத என்னையும்தான். வாசல்வரை விடவேண்டியவர்கள் பட்டியலில் என் பெயரைச் சேர்க்க வைத்தவர்கள் மகளிர் குழுவினர். எங்கள் குழுவுக்கே அது தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை.

இந்த ஊழியர் குழுக்கள் கேக்கில் தொடங்கியவையும் அல்ல. 1964-இல் அமெரிக்காவின் ராச்சஸ்டர் நகரில் இனக் கலவரம் மூண்டது. ஜெராக்ஸ் நிறுவனம் அந்த ஊரில் பிறந்தது. அதன் தலைவர் ஜோசப் வில்சன் கறுப்பின மக்களுக்கு வேலைக் கதவைத் திறந்தார். உள்ளே வந்தவர்கள் பாகுபாட்டை எதிர்கொள்ளத் தாங்களே கூடினார்கள். 1970 வாக்கில் உருவான அந்த அமைப்பையே இன்றைய குழுக்களுக்கு முன்னோடி என்கிறார்கள்.

குறைகளும் உண்டு. இது தொழிற்சங்கம் அல்ல. சம்பளம், வேலைநீக்கம் பற்றி நிர்வாகத்திடம் பேரம் பேச இதனால் முடியாது. முடியும் என்று நம்பிச் சேர்பவர்கள் ஏமாறுவார்கள். குழுவுக்காக உழைக்கும் மணிநேரம் அப்ரைசலில் ஏறுவதில்லை. அதைவிடப் பெரிய குறை, உறுப்பினராக நிறுவன மெயில் ஐ.டி. வேண்டும் என்பது. எங்கள் கேன்டீனில் காது கேளாத இளைஞர் ஒருவர் இருக்கிறார், ஒப்பந்த ஊழியர். நாங்கள் உட்காரும் அதே கட்டடத்தில்தான் அவரும் நாள் முழுக்க நிற்கிறார். தீ எச்சரிக்கை மணி அடித்தால் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டு எழுதியிருக்கிறோம். ‘அது வெண்டர் (அவரை வேலைக்கு வைத்த ஒப்பந்த நிறுவனம்) பார்க்க வேண்டியது’ என்று பதில் வந்தது. திரும்ப எழுதப்போகிறோம். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகள் இந்த மாதிரி மின்னஞ்சல்களின் கீழே தங்கள் பெயரையும் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
மேடவாக்கம், சென்னை.