பொருள்: பெயரும் பாட்டிலும் அதேதான், உள்ளே இருப்பது வேறு சென்ட் (நான்காவது புகார்)

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதற்கு முன் மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில் வந்தது. நான் அனுப்பியது கருத்து இல்லை, புகார்.

ஐரிஸ் பூச்செடியின் கிழங்கு மணம் உள்ள உங்கள் ஐரிஸ் சென்ட்டைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 11 வருடமாக அது ஒன்றைத்தான் போடுகிறேன். அறைக்குள் நுழையும்போதே ஆள் வந்ததை அறிவிக்கிற வாசனை இல்லை அது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தால்தான் தெரியும். குளிப்பாட்டிப் பவுடர் போட்ட குழந்தையை அரை மணி நேரம் கழித்துத் தூக்கினால் கழுத்தோரம் லேசாக ஒன்று வருமே, அப்படி. போன மாதம் வாங்கிய பாட்டிலில் அது இல்லவே இல்லை. அடித்ததும் பழ மிட்டாய் மாதிரி ஒரு இனிப்பு, அப்புறம் தலைவலிக்கிற வெனிலா. பவுடர் எங்கே? ஐரிஸ் எங்கே?

இதைத்தான் உங்கள் கஸ்டமர் கேரில் கேட்டேன். 40 நிமிடம் காத்திருக்க வைத்துவிட்டு அந்தப் பெண் சொன்ன பதில்: "மேடம், பவுடர் வாசனை வேணும்னா பவுடரே வாங்கிப் போட்டுக்கலாமே." பின்னால் யாரோ சிரித்ததும் கேட்டது. ஐரிஸ் கிழங்கைத் தோண்டி எடுத்து வருடக்கணக்கில் உலர வைத்தால்தான் அந்த மணம் உருவாகும். பச்சைக் கிழங்கில் அது கிடையாது. அவ்வளவு பொறுமையாக வருகிற ஒரு வாசனையை விற்கிற நிறுவனத்தில் இருந்துகொண்டு இப்படிப் பேசலாமா? அழைப்புகளைப் பதிவு செய்வதாக நீங்களே சொல்கிறீர்கள். தயவுசெய்து அதை எடுத்துக் கேளுங்கள்.

கடைக்கு அலைந்ததையும் சொல்ல வேண்டும். முதல் முறை அரை நாள் லீவு போட்டுப் போனேன். பேட்ச் எண் வேண்டும், அட்டைப்பெட்டியோடு வாருங்கள் என்றார்கள். மறுபடி லீவு, மறுபடி போனேன். "சீல் பிரித்துவிட்டீர்கள், எடுக்க மாட்டோம்" என்றார்கள். பிரிக்காமல் எப்படி முகர்ந்து பார்ப்பது? இதை முதல் தடவையே சொல்லியிருக்கலாமே!

கஸ்டமர் கேரில் பேசிய உங்கள் இரண்டாவது ஆள் என் மூக்கு பழகிப்போயிருக்கும் என்றார். இந்த மாதிரி சென்ட்டுகளில் சேர்க்கிற, வயலெட் பூ மணம் தருகிற அயோனோன் என்ற வேதிப்பொருள் கொஞ்ச நேரத்தில் மூக்கை மரத்துப்போக வைக்கும், வாசனை மறைந்து மறைந்து வரும், அது எனக்கும் தெரியும். அதனால்தான் பழைய பாட்டிலையும் புதியதையும் இரண்டு காகிதத் துண்டில் அடித்து, எது எது என்று சொல்லாமல் வீட்டில் நான்கு பேரிடம் கொடுத்தேன். நான்கு பேருமே இரண்டும் வேறு சென்ட் என்றார்கள்.

ஃபார்முலாவை மாற்றியிருந்தால் மாற்றினோம் என்று சொல்லுங்கள். 2022 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தில் லிலியல் (Lilial) என்ற வாசனை வேதிப்பொருளுக்குத் தடை வந்தபோது எத்தனையோ பூ சென்ட்டுகளை மாற்ற வேண்டி வந்தது. சட்டத்தால் மாறியது என்றால் புரிந்துகொள்வேன். மலிவாக்குவதற்காக மாற்றிவிட்டு அதே பெயரில் விற்றால் அதற்கு ஏமாற்று என்றுதான் பெயர். இந்த ஒரு பாட்டிலால் என் 11 வருடமும் பறிபோன மாதிரி இருக்கிறது. என் உடம்பு வாசனையே எனக்கு அந்நியமாகிவிட்டது.

உங்கள் மேல் எனக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. அதனால்தான் நான்காவது முறையும் உங்களுக்கே எழுதுகிறேன். 15 நாளுக்குள் பழைய தயாரிப்பில் ஒரு பாட்டிலோ முழுப் பணமோ தர வேண்டும், அந்தப் பெண் மன்னிப்பும் கேட்க வேண்டும். இல்லையென்றால் ரசீது, மின்னஞ்சல்கள், அழைப்பு நேரங்கள் எல்லாவற்றோடும் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன்.

பழைய பாட்டிலில் நான்கைந்து ஸ்ப்ரே மிச்சம் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அனுப்பி வைக்கிறேன். ஆனால் அதை அப்படியே எனக்குத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் 11 வருட வாடிக்கையாளர்