மேட்டூர் நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு எண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 12-ஐ ஒட்டி அணை திறந்தால் குறுவை நாற்றங்கால். அதை அறுத்த கையோடு தாளடிக்கு உழவு. தை, மாசியில் அறுவடை, அதற்கு ஒரு வாரம் முன்பே வயலின் ஈரம் காய்வதற்குள் உளுந்து, பயறு தெளிப்பு. இரண்டு போகம் எடுக்கும் டெல்டாக் குடும்பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது மாதம் மூச்சு விட நேரமில்லை. நடுவே ராத்திரி மோட்டார், கொள்முதல் நிலைய வாசலில் நெல் காவல், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிடுமோ என்ற பயம். எல்லாம் முடியும்போது பலர் சொல்வது ஒரே சொல்: "வெறுத்துப்போச்சு." அதை வெறும் அலுப்பு என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம்.

அலுப்பு இரண்டு மூன்று இரவு நன்றாகத் தூங்கினால் தீர்ந்துவிடும். மாதக்கணக்கில் நெருக்கடியிலேயே இருந்ததால் வரும் சோர்வு, பர்ன் அவுட் என்று மருத்துவர்கள் சொல்வது, தூங்கி எழுந்தாலும் அப்படியே இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் இதை நோயாக வைக்கவில்லை. தணிக்கப்படாத வேலை நெருக்கடியின் விளைவு என்றே குறித்திருக்கிறது. அது சொல்லும் மூன்று அடையாளங்களும் நம் ஊரில் தெளிவாகவே தெரியும். உடம்பில் தெம்பே இருக்காது. தினம் இரண்டு முறை வயலைச் சுற்றியவர் "எப்படியோ போகட்டும்" என்று திண்ணையை விட்டு எழ மாட்டார். மேலுரம் போட்ட தேதியை மறப்பார், போட்டதையே திரும்பப் போடுவார், கடைசியில் "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்பார். சோம்பேறித்தனம் என்று வீட்டில் திட்டு விழுவதும் இந்தக் கட்டத்தில்தான். கொள்முதல் பருவத்தில் மூட்டை தூக்குபவர்களுக்கும் பட்டியல் எழுத்தர்களுக்கும் இதே நிலை வருகிறது.

பெண்களிடம் இது வேறு முகத்தில் வரும். தலைவலி, முதுகுவலி, உடம்பெல்லாம் எரிச்சல். நடவுக் கூலி, மாடு, சமையல், அதற்கு மேல் குழுக் கடனின் வாரத் தவணை. மருத்துவரிடம் போனால் "ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடுங்க" என்று கேட்கிறார்கள். தயவுசெய்து இந்தக் கணக்கைப் பாருங்கள்: 500 மில்லி, 5 சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, அதாவது சுமார் ஐந்து தேக்கரண்டி. ஏற்றும்போது படுத்திருக்கிறோமே, அந்த ஓய்வுதான் தெம்பாகத் தெரிகிறது. அந்தப் பணத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பார்ப்பது நல்லது. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் அது ரத்தசோகை. அதுவும் இதே சோர்வைத்தான் தரும், ஆனால் அதற்கான வைத்தியம் வேறு.

முதலில் சரிசெய்ய வேண்டியது தூக்கம். நெருக்கடி நீளும்போது உடம்பு இரவிலும் எச்சரிக்கையாகவே இருப்பதால் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். அதை மறக்கக் குடித்தால் சீக்கிரம் கண் அசரும், ஆனால் இரவின் பின்பாதித் தூக்கம் கெடும். மாலை ஆறு மணித் தேநீரின் காஃபினில் ஏறக்குறைய பாதி பதினோரு மணிக்கும் உடம்பில் இருக்கும். ஆகவே மதியம் இரண்டு மணிக்குப் பிறகு வேண்டாம். பகலில் கண் அயர்ந்தால் 20 நிமிடம் போதும், அதுவும் மூன்று மணிக்குள். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். ஏற்கெனவே தினமும் போடுபவர்கள் திடீரென நிறுத்தவும் கூடாது, மருத்துவர் படிப்படியாகக் குறைத்துத் தருவார்.

ஓய்வு எடுத்து அதே சுமைக்குத் திரும்பினால் ஒரு வாரத்தில் பழைய நிலைதான். சுமையைப் பிரிக்க வேண்டும். தண்ணீருக்கு முறை வைக்கத் தெரிந்த ஊர் நம்முடையது. காவலுக்கும் அப்படி வைக்கலாம்: பக்கத்துப் பக்கத்தில் நெல் கொட்டிய நான்கு பேர் முறை போட்டால் ஒருவருக்கு நான்கு நாளைக்கு ஒரு இரவுதான் விழிப்பு. மோட்டாருக்கும் இதுவே.

கடன் தலைக்குள் கிடக்கும்வரை ஒன்று பத்தாகத் தெரியும். ஒரே தாளில் எழுதுங்கள்: யாரிடம், அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, கெடு எப்போது. கூட்டுறவுப் பயிர்க் கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டி கிடையாது, அதைத் தவறவிட வேண்டாம். இயற்கைச் சீற்றத்தில் பயிர் சேதமானதாக அரசு அறிவித்தால், வங்கிக் கடனின் தவணையை மாற்றிக் கேட்க ரிசர்வ் வங்கி வழிகாட்டுதலில் இடமுண்டு. வாய்மொழியாகக் கேட்காமல் எழுதிக் கொடுங்கள்.

இனி அவசரமான பகுதி. வேலையில் மட்டும் இருந்த வெறுப்பு வீட்டுக்கும் பரவி, பேரப்பிள்ளை மடியில் ஏறினாலும் கோயில் திருவிழாவுக்குப் போனாலும் மனம் ஒட்டவில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருக்கிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் உண்டு. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரை அரசு மருத்துவமனையில் பார்க்கலாம். "நான் இல்லாட்டி நல்லா இருப்பீங்க" என்று ஒருவர் சொன்னால், "தைரியமா இரு" என்று முடித்துவிடாதீர்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பூச்சி மருந்தைப் பூட்டி, சாவியை இன்னொருவரிடம் கொடுங்கள். அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். மேட்டூர் நீர்மட்டம், நீர்வரத்து, நீர்த்திறப்பு என்று நீங்கள் வெளியிடும் சிறு கட்டத்தை டெல்டாவில் பார்க்காத விவசாயி இல்லை. அதன் கீழே ஒரு வரி சேருங்கள்: "மனநல ஆலோசனைக்கு 14416, கட்டணமில்லை, 24 மணி நேரமும், தமிழில்." அணை திறக்கும் நாளிலிருந்து கடைசி மூட்டை கொள்முதல் ஆகும்வரை தினமும் அது வர வேண்டும்.

இப்படிக்கு,
மனநல சமூகப் பணியாளர்,
மன்னார்குடி.