விமானங்களின் கதை போதும், ஏறியவர்களின் கதையைச் சொல்லுங்கள்: லாடே அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அர்ஜென்டினா விமானப்படைக்கும், அதன் லாடே விமான சேவையை நடத்துகிற அதிகாரிகளுக்கும் வணக்கம்.

தமிழில் எழுதுகிறேன். இது உங்கள் கைக்கு வந்துசேருமா என்பது சந்தேகம்தான். வராவிட்டாலும் பழைய விமானக் கதைகளில் பைத்தியமுள்ள நாலு பேர் இங்கே படிப்பார்கள்.

உங்கள் வரலாறு என்று எனக்குப் படிக்கக் கிடைத்ததெல்லாம் விமானங்களின் பெயர்கள்தான். 1940 செப்டம்பரில் ஜங்கர்ஸ் 52. அப்புறம் டி.சி. 3, ட்வின் ஆட்டர், ஃபாக்கர் 27, ஃபாக்கர் 28, சாப் 340. இவற்றில் ஏறி இறங்கியவர்கள் யார்?

ஏன் தொடங்கினீர்கள் என்பது புரிகிறது. உங்கள் நாட்டின் தெற்கிலுள்ள பட்டகோனியாவில் ஓர் ஊரை விட்டால் அடுத்த ஊர் வரைக்கும் காற்றும் முட்புதரும் ஆடும்தான். நாலு பேர் ஏறுகிற தடத்தில் எந்த முதலாளி விமானம் விடுவார்? படையிடம் விமானம் இருந்தது, பறந்து பழக வேண்டிய விமானிகளும் இருந்தார்கள். தலைநகர் பியூனஸ் அயர்ஸ் பக்கத்து எல் பலோமாரிலிருந்து பட்டகோனியாவின் எஸ்கெல்லுக்கு லாசோ என்ற பெயரில் பறந்தீர்கள். வடகிழக்கில் லானே என்ற இன்னொரு சேவை வந்தது. 1940களின் நடுவில் இரண்டும் சேர்ந்து லாடே ஆயின. சரி, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே.

எனக்குத் தெரிய வேண்டியது ஸ்டான்லியைப் பற்றி. பிரிட்டன் ஆளுகிற, உங்கள் நாடும் உரிமை கோருகிற தென் அட்லாண்டிக் தீவுகளின் தலைநகர் அது. அந்தத் தீவுகளை நீங்கள் மால்வினாஸ் என்கிறீர்கள், அங்கே இருப்பவர்கள் ஃபாக்லாண்ட் என்கிறார்கள். பெயர்ச் சண்டைக்கு நான் வரவில்லை. 1971இல் பிரிட்டனும் உங்கள் அரசும் போக்குவரத்து உடன்பாடு செய்தபோது, தீவிலிருந்து உருகுவேயின் மான்டிவிடியோவுக்குப் போய்வந்த டார்வின் கப்பல் நிற்கப்போகிற நிலை. 1972இல் உங்கள் அல்பாட்ராஸ் என்ற நீர்விமானம் துறைமுகத் தண்ணீரிலேயே வந்து இறங்கியது. அந்த வருடக் கடைசிக்குள் உலோகத் தகடுகளைக் கோத்து ஒரு தற்காலிக ஓடுபாதையும் போட்டீர்கள். பிறகு ஃபாக்கர் 27 அதில் வந்து நின்றது. நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போனதும், பிள்ளைகள் படிக்கப் போனதும், பழங்கள் வந்ததும் அதில்தான். ஆனால் ஏற வேண்டுமானால் தீவுக்காரர் அர்ஜென்டினா கொடுத்த வெள்ளை அட்டையைக் காட்ட வேண்டும். அவசரத்துக்கு விமானம் வேண்டும், அந்த அட்டையோ பிடிக்காது. அதைப் பையிலிருந்து எடுத்து நீட்டிய கை என்ன நினைத்திருக்கும்?

1982 ஏப்ரல் 2 காலை, உங்கள் நாடு தீவுகளைக் கைப்பற்றப் படை இறக்கிய நாள். ஆளுநர் மாளிகைக்குள் பிரிட்டிஷ் ஆளுநர் ரெக்ஸ் ஹன்ட், வெளியே உங்கள் நாட்டுப் படையினர். சண்டையை நிறுத்திப் பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. ஹன்ட் கூப்பிட்டது, லாடேயின் பிரதிநிதியாகத் தீவில் வேலை பார்த்த விமானப்படை அதிகாரி எக்தோர் ஹிலோபெர்ட்டை. ஆளுநரின் அதிகாரி ஒருவரோடு வெள்ளைக் கொடி பிடித்துக்கொண்டு அவர் தெருவில் நடந்தார். ஊருக்கு டிக்கெட் கொடுத்த அலுவலகத்தின் ஆள், அதே ஊரின் சரணடைதலுக்குத் தூது. அதற்கடுத்த வாரங்களில் உங்கள் ஃபாக்கர்கள் அதே ஸ்டான்லிக்குப் படையினரை ஏற்றி வந்தன.

பத்து வருடம் நோயாளியை ஏற்றியவர்களும் நீங்களே, படையை ஏற்றியவர்களும் நீங்களே. இதில் முதல் பாதியை மட்டும் பெருமையாகச் சொல்வது நியாயமில்லை. இரண்டாம் பாதியைக் காட்டி முதல் பாதியைப் பொய் என்பதும் எனக்கு ஒப்பவில்லை. சம்பளத்துக்கு வேலை பார்த்த எத்தனையோ விமானிகள் பட்டகோனியக் காற்றில் நேர்மையாகத்தான் பறந்திருப்பார்கள்.

கேட்பது இவ்வளவுதான். ஸ்டான்லி அலுவலகத்தின் பயணிகள் ஏடு, சரக்குச் சீட்டு, விமானிகளின் குறிப்பேடு என்று எது மிச்சமிருந்தாலும் வெளியிடுங்கள். தனியாட்களின் பெயரை மறைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அது வேண்டாம். எந்தத் தேதியில் எத்தனை பேர், எதற்காக, கூடவே எத்தனை பெட்டி பழம் என்று இருந்தால் போதும். பிறகு கோபெர்னடோர் கிரெகோரஸ், பெரிட்டோ மொரேனோ போன்ற பட்டகோனியாவின் சின்ன ஊர்களின் ஏடுகளுக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
விமானம் பார்க்க மொட்டைமாடிக்கு ஓடும் ஒரு வாசகர்