இழுப்பெல்லாம் ஆஸ்துமா இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

என் அம்மாவுக்கு மூச்சு இழுப்பு வந்தபோது ஆஸ்துமா என்று சொல்லி ஏழு மாதம் இன்ஹேலர் மட்டுமே கொடுத்தார்கள், ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனைகூட செய்யவில்லை, கடைசியில் சி.டி. ஸ்கேன் எடுத்தபோது நுரையீரல் புற்றுநோய் மூன்றாம் நிலையில் இருந்தது. அவர் புகையைத் தொட்டதே இல்லை. அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆஸ்துமா இழுப்பு பொதுவாக இரண்டு பக்கமும் கேட்கும், வரும் போகும், மருந்துக்குக் குறையும். ஒரே பக்கத்தில், ஒரே இடத்தில் நிலையாகக் கேட்டால் மூச்சுக்குழாயை ஏதோ அடைக்கிறது என்று அர்த்தம், அப்புறம் சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது இதெல்லாம் சேர்ந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்றும் நிம்மதியாக இருந்துவிட முடியாது, சின்னக் கட்டி அதில் தப்பிவிடும்.

கட்டியின் அளவு, நெறிக்கட்டிகளுக்கு (நிணநீர்க் கணுக்கள்) பரவியதா, மற்ற உறுப்புகளுக்குப் பரவியதா என்ற மூன்றையும் வைத்துத்தான் புற்றுநோயின் நிலையைச் சொல்கிறார்கள். TNM எனப்படும் இந்த வகைப்பாட்டு முறையின், 2025-இல் நடைமுறைக்கு வந்த 9-வது பதிப்பில், நெஞ்சின் நடுவில் உள்ள நெறிக்கட்டிகளில் ஒரு தொகுதியில் மட்டும் பரவியதா, பல தொகுதிகளிலா என்றும் தனியாகப் பிரிக்கிறார்கள். நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் நோயாளி அந்த ஸ்கேன் வரை போய்ச் சேர வேண்டுமே! உங்கள் மருத்துவப் பக்கத்தில் இதை விரிவாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்