இரண்டு நோட்டுப் புத்தகங்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பும் மதிப்பும் உடையீர்,

வணக்கம். தூக்கத்தைத் தரவு அறிவியலின் வழியே ஆராயும் மூன்று பணிகளைக் கடந்த சில ஆண்டுகளாகச் செய்துவந்தேன். மூளையின் மின் அலைப் பதிவுகளைக் கொண்டு தூக்க நிலைகளைக் கணினியே பிரித்தறியச் செய்வது முதற்பணி. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரின் பதிவிலிருந்து, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று கண்டறிவது இரண்டாவது. இரவுக் காவலர்களின் பகல் தூக்கத்தை, கை அசைவைப் பதியும் மணிக்கட்டுப் பட்டையாலும் வினாப்பட்டியலாலும் அளப்பது மூன்றாவது. மூன்றும் முடிவுக்கு வந்துவிட்டன. ஆய்வுக் கட்டுரையின் இறுதியில் நன்றி நவில மூன்று வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை என்பதாலும், நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பலர் அந்தக் கட்டுரைகளைப் படிக்கப்போவதில்லை என்பதாலும் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, நான் ஒருபோதும் சந்திக்க முடியாதவர்களுக்கு உரியது. 1987 முதல் 1991 வரை நெதர்லாந்தில், 25 முதல் 101 வயது வரையிலான 78 பேர், வாக்மேன் போன்ற ஒரு கேசட் பதிவுக் கருவியை உடலில் கட்டிக்கொண்டு தத்தம் வீட்டில் இரண்டிரண்டு இரவுகள் தூங்கினார்கள். அந்தப் பதிவுகள்தான் இன்று ‘ஸ்லீப்-ஈடிஎஃப்’ என்ற பெயரில் ‘பிசியோநெட்’ களஞ்சியத்தில் உலகம் முழுவதற்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. இரட்டைப்படையாக 156 இரவுகள் இருக்க வேண்டிய இடத்தில் 153 மட்டுமே உள்ளன. கேசட்டோ லேசர் வட்டோ பழுதானதால் மூவருக்கு ஓர் இரவு வீதம் போய்விட்டது என்று, அவர்களின் எண்களோடு, விளக்கக் குறிப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். போனதைப் போனது என்று எழுதிவைத்த அந்த நேர்மைக்கு என் தனி வணக்கம். 101 வயதில் தலையில் மின்முனைகளை ஒட்டிக்கொள்ள இசைந்த பெரியவர் யாரோ, அவருடைய மூளையலைகளை நான் என் பாட்டியின் முகத்தைவிட அதிக நேரம் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பதிவுகளில் கைவைத்த முதல் மாதத்திலேயே நான் ஏமாந்தேன். தூக்கப் பதிவை முப்பது விநாடிப் பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் விழிப்பு, மெல்லிய தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று ஒரு நிலையைக் குறிப்பது வழக்கம். காகிதச் சுருள் விநாடிக்கு 10 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடிய காலத்தில், 30 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பக்கத்தில் அடங்கியது அவ்வளவுதான். காகிதம் போய்விட்டது, முப்பது விநாடி மட்டும் தங்கிவிட்டது. எட்டு மணி நேரத் தூக்கம் என்றால் 960 பக்கங்கள். அவற்றையெல்லாம் சீட்டுக்கட்டுப்போல் கலைத்து, ஒரு பங்கைப் பயிற்சிக்கும் மறு பங்கைத் தேர்வுக்கும் வைத்தேன். கணினி கிட்டத்தட்ட எல்லாக் கேள்விக்கும் சரியாக விடை சொன்னது. மகிழ்ச்சியோடு என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்காமலேயே, “ஒரே ஆள் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறாரா?” என்று மட்டும் கேட்டார். உட்கார்ந்திருந்தார். ஒருவருடைய பக்கங்கள் இரு பங்கிலும் இருந்ததால், தூக்கத்தைக் கற்பதற்குப் பதிலாக ஆளை அடையாளம் காணக் கணினி கற்றிருந்தது. திருத்திக்கொண்டு போனேன்; மறுபடியும் அதே கேள்வி. பதிவுவாரியாகப் பிரித்திருந்தேனே தவிர, ஒரே ஆளின் இரண்டு இரவுகள் இரண்டு பங்கிலும் பிரிந்து கிடந்ததை நான் கவனிக்கவில்லை. ஆள்வாரியாகப் பிரித்த பிறகு மதிப்பெண் இறங்கியது. அந்த இறங்கிய மதிப்பெண்தான் கட்டுரையில் இருக்கிறது. ஐயா, அந்த ஒற்றைக் கேள்விக்கு நன்றி.

மென்பொருள் எழுதியவர்களை விரைவாகவேனும் குறிப்பிட்டாக வேண்டும். பதிவுகளை எந்தக் கணினியும் படிக்கும்படி 1992-இல் ஈடிஎஃப் என்ற பொது வடிவத்தை வகுத்தவர்களும், பைத்தான் நிரல்மொழியில் மூளையலைகளைக் கையாளும் ‘எம்என்இ’, கணினிக்குக் கற்பிக்க உதவும் ‘சைக்கிட்-லேர்ன்’ ஆகியவற்றைப் பராமரிப்பவர்களும், முப்பதாயிரம் மணி நேரத்துக்கும் மேற்பட்ட தூக்கப் பதிவில் பயிற்றுவித்த, தூக்க நிலைகளைத் தானே குறிக்கும் ‘யாசா’ என்ற கருவியை 2021-இல் எல்லோருக்கும் திறந்துவைத்தவர்களும் இல்லாவிட்டால், நான் இன்னும் கோப்பைத் திறக்கும் வேலையிலேயே இருந்திருப்பேன்.

இனி, எனக்கு மிக நெருக்கமான கடன். சென்னையில் ஒரு மருத்துவமனையின் தூக்க ஆய்வுக்கூடத்தில் இரவுப் பணி செய்யும் டெக்னீஷியன் அக்கா ஒருவர், தம் பெயரை எழுதக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். எண்ணெய் வைத்த தலையோடு வருபவர்களைச் சலிக்காமல் திருப்பியனுப்பிச் சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு வரச் சொல்வதும், அளவு நாடாவால் தலையை அளந்து புள்ளி குறித்து மின்முனைகளை ஒட்டுவதும், அவை நள்ளிரவில் கழன்றால் உறங்குபவரை எழுப்பாமல் மீண்டும் ஒட்டுவதும் அவர் வேலை. பிறர் தூங்குவதற்காகத் தாம் விழித்திருப்பவர். மறுநாள் காலை, அந்த 960 பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து நிலை குறிப்பவரும் அவரே.

இயந்திரக் கற்றல் பேசுகிறவர்கள் ‘உண்மை விடை’ என்று சொல்வது இப்படிப்பட்டவர்களின் கைக்குறிப்பைத்தான் என்பதை நான் அங்கே உட்கார்ந்த பிறகே உணர்ந்தேன். 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நூற்றுக்கணக்கானோர் அல்ல, ஆயிரக்கணக்கான குறிப்பாளர்கள் ஒரே பக்கங்களைப் பார்த்தபோது ஒத்துப்போனது சுமார் 83 விழுக்காடுதான். விழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவிலுள்ள என்1 என்ற நிலையில் அது 63 விழுக்காடு. மனிதர்களே உடன்படாத இடத்தில் கணினி தவறுகிறது என்று அதன்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தவன் நான்.

அக்கா செய்த உதவியில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஒரு நோயாளிக்குப் பின்னிரவில் நெடுநேரம் ஆழ்ந்த தூக்கம் வந்ததாக என் நிரல் காட்டியது. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் முன்னிரவில் வருவது. ஆகவே இதை அரிய கண்டுபிடிப்பாக எண்ணி, தனிப் படமாகவே வரைந்து வைத்திருந்தேன். அக்கா தம் நோட்டைப் புரட்டினார். பால்பாயின்ட் பேனாவில், “2.40 – ஏ.சி. நின்றது. 3.55 – வந்தது” என்று எழுதியிருந்தது. நோயாளி வியர்த்திருக்கிறார், வியர்வை மின்முனைக்கடியில் உண்டாக்கும் மெல்லிய ஏற்ற இறக்கத்தை, ஆழ்தூக்கத்தின் மெதுவான பேரலைகள் என்று நிரல் நம்பிவிட்டது. அந்தக் கோடைக்காலம் முழுவதற்குமான பதிவுகளை அந்த நோட்டோடு ஒப்பிட்டு, ஐயத்துக்குரிய பகுதிகளை விலக்க எங்கள் இருவருக்கும் ஆறு வாரங்கள் ஆயின. அதற்கு அவர் எந்த ஊதியமும் பெறவில்லை. கட்டுரையில் துணையாசிரியராகச் சேர்க்கிறேன் என்றபோது சிரித்துவிட்டுத் தேநீர் வாங்கிவரச் சொன்னார்.

ஆக்சிமீட்டர் பணி தோல்வியில் முடிந்தது. நாங்கள் வாங்கிய கருவி பல விநாடிகளின் சராசரியை ஒரே எண்ணாகச் சேமிப்பது; சில விநாடிகளே நீடிக்கும் ஆக்சிஜன் சரிவுகள் அந்தச் சராசரியில் கரைந்துபோயின. இதை வைத்து யாருக்கும் நோயில்லை என்று சொல்லிவிடாதீர்கள் என்று தடுத்து நிறுத்திய நுரையீரல் மருத்துவருக்கு நன்றி.

இரவுக் காவலர் ஆய்வில், பகல்நேரத் தூக்கக் கலக்கத்தை அளக்க, மெல்போர்னில் மருத்துவர் மர்ரே ஜான்ஸ் 1991-இல் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோலைத் தமிழில் கேட்டோம். எட்டுச் சூழல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 24. கேட்பதற்கு எளிது. ஆனால் அந்த அளவுகோல் கேட்பது களைப்பை அன்று, கண்ணயர்ந்துவிடும் வாய்ப்பை. என் முதல் வரைவில் ‘அசதி’ என்று எழுதியிருந்தேன். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருபவரிடம் அசதியா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார். ‘கண் அசந்துவிடுமா’ என்று கேட்கச் சொல்லித் திருத்திய செவிலியருக்கும், அதை மீண்டும் ஆங்கிலமாக்கிச் சரிபார்த்துத் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் கடன்பட்டிருக்கிறேன். எட்டுச் சூழல்களில் இரண்டு காரில் அமர்ந்திருப்பதைப் பற்றியவை. பேருந்திலும் சைக்கிளிலும் வருபவர்களிடம் அவற்றைப் பொறுமையாக விளக்கிக் கேட்ட முதுநிலை மாணவர்கள் இருவரையும் மறக்க மாட்டேன்.

அடுத்துச் சொல்லப்போவதை எழுத எனக்கு இன்னமும் கூச்சமாக இருக்கிறது. மணிக்கட்டுப் பட்டைகளின் முதல் வாரத் தரவை இறக்கியபோது, காவலர்களில் பெரும்பாலோர் அதிகாலை நான்கு மணி அளவில் தூங்கத் தொடங்கி எட்டரை வரை தூங்குவதாகப் படம் காட்டியது. அவர்களின் பணிநேரம் இரவு எட்டு முதல் காலை எட்டு வரை. பணியிலேயே தூங்குகிறார்கள் என்று எழுதப்பட்ட வரைவு இரண்டு நாள் என் மேசையில் கிடந்தது. அது மட்டும் அவர்களை வேலைக்கு வைத்திருந்த நிறுவனத்துக்குப் போயிருந்தால் எத்தனை பேரின் சம்பளம் நின்றிருக்கும் என்பதை நினைத்தால் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நல்வேளையாக, பட்டையின் வாரைச் சரிசெய்ய வந்த மூத்த காவலர் ஒருவர் திரையில் தம் படத்தைப் பார்த்தார். “தம்பி, நாலேகாலுக்குப் பால் வண்டிக்கு நான்தான் கேட் திறப்பேன். நோட்டைப் பாருங்க” என்றார். பார்த்தேன். ஒவ்வொரு நாளும் 4.15, வண்டி எண், ஓட்டுநர் கையெழுத்து. பட்டை கிரீன்விச் நேரத்தைச் சேமித்திருக்கிறது; இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். நான்கு மணி என்பது உண்மையில் காலை ஒன்பதரை, அதாவது அவர் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுப் படுக்கும் நேரம். அந்தத் தூக்கமும் பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் முடிந்துவிடுகிறது. ஆய்வில் கடைசியாக எங்களுக்குக் கிடைத்த முக்கியமான செய்தியும் அதுதான்: பகலின் வெளிச்சத்திலும் வெக்கையிலும் தெரு ஓசையிலும் அவர்களால் நான்கரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து தூங்க முடியவில்லை.

அந்த வரைவை அழித்துவிட்டேன். அந்தப் பெரியவரிடம் மன்னிப்பும் கேட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

நிதி தந்த நிறுவனத்துக்கும், இரவில் ஆய்வகத்தைத் திறந்துவிட்ட ஊழியர்களுக்கும், அறநெறிக் குழுவின் உறுப்பினர்களுக்கும் உரிய முறைப்படி கட்டுரைகளில் நன்றி கூறியிருக்கிறேன். என் தாயார், நான் பின்னிரவு வரை விழித்திருந்து பிறர் தூக்கத்தை ஆராய்வதைப் பற்றி ஐந்தாண்டுகளாகச் சொல்லிவரும் கருத்தை இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

பங்கேற்ற காவலர்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் தூக்கப் படத்தை, இந்திய நேரத்தில், தமிழ் விளக்கத்தோடு ஒரே தாளில் அச்சிட்டு உறையிலிட்டு வைத்திருக்கிறேன். உறையின்மேல் பெயர் இருக்காது, பட்டையின் எண் மட்டுமே இருக்கும். அடுத்த வாரம் பணி மாறும் நேரத்தில், காலை எட்டு மணிக்கு, நானே வந்து தருகிறேன். பத்து நிமிடத்துக்கு மேல் நிறுத்திவைக்க மாட்டேன். நீங்கள் போய்ப் படுக்க வேண்டும்.

மிகுந்த நன்றியுடன்,
உங்கள் தரவுகளை வைத்துப் படித்தவன்
சென்னை