விழுந்தீர்களா என்று கேளுங்கள், டாக்டர்

மதிப்பிற்குரிய நரம்பியல் மருத்துவர்களுக்கு,

மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் நரம்பு நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுடன் (எம்.எஸ்.) வாழ்கிறவர்களில் ஒருத்தியாக எழுதுகிறேன். ஒவ்வொரு முறை வரும்போதும் எம்.ஆர்.ஐ. பார்க்கிறீர்கள், ரிலாப்ஸ் (நோய் மீண்டும் தீவிரமாவது) வந்ததா, மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று விசாரிக்கிறீர்கள். எல்லாம் தேவைதான். கூடவே இதையும் கேளுங்கள்: "போன முறைக்கு அப்புறம் விழுந்தீர்களா? எங்கே, எப்படி?"

நாங்களாகச் சொல்ல மாட்டோம். அடிபடாவிட்டால் அதை விழுந்ததாகவே நினைப்பதில்லை. சொன்னால் வேலைக்குப் போக விடமாட்டார்களோ என்ற பயம் வேறு. ஆஸ்திரேலியா, ஸ்வீடன், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளின் தரவுகளைச் சேர்த்து 2015இல் வெளிவந்த ஆய்வில், எம்.எஸ். உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மூன்றே மாதத்தில் ஒரு முறையாவது விழுந்திருந்தார்கள். இது எங்கோ ஒருவருக்கு நேரும் விபத்து இல்லை.

"பார்த்து நடங்க" என்று சொல்லி அனுப்புவது போதாது, ஏனென்றால் ஒவ்வொரு விழுதலுக்கும் காரணம் வேறு. முன்பாதத்தைத் தூக்க முடியாதவர் நிலைப்படியில் தடுக்கி விழுகிறார். பாதத்தில் உணர்ச்சி மங்கியவருக்குத் தரை எங்கே என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். முகத்துக்குச் சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் சாய்ந்துவிடுவார். கண்ணை மூடி நிற்கச் சொல்லி உங்கள் அறையில் ரோம்பெர்க் சோதனை செய்வீர்களே, எங்கள் குளியலறையில் அது தினமும் நடக்கிறது. கரண்ட் போன ராத்திரியிலும் அதே கதைதான்.

சிறுநீரை அடக்க முடியாமல் இருட்டில் விரைகிறவருக்குக் கைத்தடி மட்டும் போதாது, சிறுநீர்ப்பைக்கும் வைத்தியம் வேண்டும். உடலை வருத்தி உழைத்தால் பார்வை மங்குவதை ஊத்தோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890இலேயே எழுதிவிட்டார். உடல் சூடேறுவதுதான் காரணம் என்பது பிறகு தெரிந்தது. கால்களும் அப்படித்தான் துவளும். மே மாத வெயிலிலோ வெந்நீர்க் குளியலுக்குப் பிறகோ விழுந்தால், அதைப் புதிய ரிலாப்ஸ் என்று எண்ணி நாங்கள் பதறுகிறோம். பேக்லோஃபென் மருந்து தசை விறைப்பைத் தளர்த்துகிறது, நிம்மதிதான். ஆனால் அந்த விறைப்பை நம்பித்தான் சிலருடைய முழங்கால் நிற்கிறது. அளவு கூடினால் கால் மடங்கிவிடும், தூக்கக் கலக்கமும் சேரும். நடந்துகொண்டே போனில் பேசினாலும் தடுமாறுகிறோம். அது கவனக்குறைவு இல்லை. நடப்பதற்கே முழுக் கவனமும் தேவைப்படும் உடம்பு இது.

எப்படி விழுந்தோம் என்று தெரிந்தால்தானே கணுக்காலுக்குப் பிடிமானம் தருவதா, மருந்தின் அளவை மாற்றுவதா, சமநிலைப் பயிற்சிக்கு அனுப்புவதா என்று நீங்கள் முடிவு செய்ய முடியும்? பிசியோதெரபிக்கு எலும்பு முறிந்த பிறகு அனுப்பாதீர்கள், முதல் தடுமாற்றத்திலேயே அனுப்புங்கள். ஸ்டீராய்டு பல முறை ஏறிய உடம்பு என்றால் எலும்பின் வலுவையும் பாருங்கள்.

தயவுசெய்து நடப்பதைக் குறைக்கச் சொல்லாதீர்கள். பயந்து உட்கார்ந்தால் கால் இன்னும் தளர்ந்து, அடுத்த விழுதல் சீக்கிரமே வரும். வீட்டார் உங்கள் சொல்லைத்தான் கேட்பார்கள், அதனால் இதை அவர்கள் எதிரிலேயே சொல்லுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் நோயாளிகளில் ஒருத்தி