பசளைப் பையில் லீற்றரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒரு லீற்றர் என்றால் ஒரு கிலோ என்ற கணக்கு தண்ணீருக்குத்தான் சரிவரும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனாலும் கூட்டெரு வாங்கப் போய் இரண்டு தரம் கோட்டை விட்டேன்.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியில் கத்தரியும் மிளகாயும் வைக்க ஐந்து சாடிகள் வாங்கினேன். 30 சென்ரிமீற்றர் அகலம், அதே உயரம், ஒன்று 21 லீற்றர் அளவு கொள்ளும். மூன்றில் ஒரு பங்கு கூட்டெரு என்றால் மொத்தம் 35 லீற்றர் வேண்டும். கடைத் தம்பி "அப்ப 35 கிலோ அன்ரி, நாலு பாக் எடுங்கோ" என்றார், நானும் தலையாட்டிவிட்டுப் பத்துக் கிலோப் பை நாலை ஆள் பிடித்து மேலே ஏற்றினால், பாதிக்கு மேல் மிச்சம்! பதமாக உலர்ந்த கூட்டெரு லீற்றருக்கு அரைக் கிலோதான் நிற்கும். சரி, அடுத்த தரம் கெட்டிக்காரியாகி 20 கிலோ மட்டும் வாங்கினேன். அது ஐப்பசி மழை, பைகள் கடை வாசலில் நனைந்து கிடந்தவை. 27 லீற்றர்கூடத் தேறவில்லை.

காரணம் ஈரலிப்பு. நூற்றுக்கு 40 பங்கு தண்ணீர் உள்ள பத்துக் கிலோவில் உண்மையான சரக்கு 6 கிலோ, சுமார் 20 லீற்றர் வரும். தண்ணீர் 60 பங்காகிவிட்டால் சரக்கு 4 கிலோதான், 13 லீற்றர் வந்தால் பெரிய காரியம். தராசு பொய் சொல்லவில்லை, மழைத் தண்ணீரையும் சேர்த்து நிறுத்துத் தருகிறது, அவ்வளவுதான். காசு நம்முடையது.

இதில் வேடிக்கை என்னவென்றால் மணலில் கதை தலைகீழ். மணலை நாங்கள் கியூப் கணக்கில், அதாவது நூறு கன அடியாக வாங்குகிறோம். லேசாக ஈரமான மணல் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பொங்கி நிற்கும், கால் பங்கு வரை கூடுதலாகக்கூடக் காட்டும். வீடு கட்டியவர்களைக் கேளுங்கள். தும்புத்தூள் கட்டியோ இன்னொரு விதம், 5 கிலோக் கட்டியைத் தண்ணீரில் ஊறவிட்டால் 60 லீற்றருக்கு மேல் பொங்கும், அதைக் கிலோவில் யோசித்தால் தலை சுற்றும்.

அம்மம்மா காலத்தில் நெல்லைப் புசல் என்ற கொள்ளளவில் அளந்தார்கள், ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோ என்பதும் எல்லோருக்கும் மனப்பாடம். அளவும் நிறையும் சேர்ந்தே ஞாபகத்தில் இருந்தன. பிரித்தானியாவில் இருக்கும் தங்கச்சி வாங்கும் சாடிமண் பையில் லீற்றர்தான் போட்டிருக்கிறது. 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது ஊரெல்லாம் சேதனப் பசளை பற்றிப் பேசினோமே, பையில் எத்தனை லீற்றர் என்று யார் கேட்டோம்?

பை கட்டுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: கிலோவுக்குப் பக்கத்தில் லீற்றரையும், கட்டும்போது இருந்த ஈரலிப்பையும் அச்சடியுங்கள். அதுவரை பழைய பெயின்ற் வாளி ஒன்றை, 10 லீற்றர் வாளி, கடைக்குக் கொண்டுபோகிறேன். வெறும் வாளியை முதலில் நிறுத்துக் கழித்துவிட்டு, கூட்டெருவை அமுக்காமல் நிரப்பி இரண்டு தரம் தரையில் தட்டி நிறுத்தால் 5 கிலோவை ஒட்டி வர வேண்டும், 7 கிலோவைத் தாண்டினால் வாங்காமல் திரும்பிவிடுவேன். கடைத் தம்பிக்கு என்னைக் கண்டாலே இப்போது சிரிப்பு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06